பாவனை பண்பாகுமா?

நட்பும் அருளும் கற்பிக்கத்தக்கனவா என்பது மிகப் பழைய வினா. எழுத்தைக் கற்பிக்கலாம், எண்ணைக் கற்பிக்கலாம். பிற உயிரின் துன்பத்தைக் கண்டவிடத்து உள்ளம் இளகுதலை எந்தப் பாடநூலைக் கொண்டு கற்பிப்பது? "உயிர்களிடத்து அன்பு செய்க" என்று கரும்பலகையில் எழுதிப் பத்து முறை படியெடுக்கச் சொல்லலாம். மாணவனும் பிழையின்றி எழுதுவான். மணி அடித்ததும் வெளியே ஓடி, வாயிற்படியில் படுத்திருக்கும் நாயின்மேல் கல்லெறிவான். அவன் கையெழுத்தில் குறையில்லை. ஆனால் கற்ற சொல் அவன் கையளவில் நின்றதேயன்றி நெஞ்சுக்குள் இறங்கவில்லை.

ஆசிரியப் பணியிலும், அதன்பின் ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளிக்கும் பணியிலும் பல்லாண்டுகள் கழித்த நாம், இவ்விடத்தில் நாடகம் துணை செய்வதைக் கண்டிருக்கிறோம். நாடகத்தைப் பற்றி நம்மவரிடையே நிலவும் ஐயங்களையும் கேட்டிருக்கிறோம். அவ்வையங்கள் எளிதில் தள்ளிவிடத்தக்கன அல்ல. அவற்றை அறநூல் நெறியோடு வைத்து ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஒரு சொல்லின் இரு பொருள்

தத்துவார்த்த சூத்திரத்தின் ஏழாம் அத்தியாயத்தில் உமாஸ்வாமி ஆசாரியர் நான்கு பாவனைகளைக் கூறுகிறார். எல்லா உயிர்களிடத்தும் மைத்திரி, குணத்தால் உயர்ந்தோரைக் கண்டவிடத்துப் பிரமோதம் என்னும் மகிழ்ச்சி, துன்புறும் உயிர்களிடத்துக் காருண்யம், திருந்தாதாரிடத்து மாத்தியஸ்தம் என்னும் நடுநிலை என்பன அவை. நட்பும் கருணையும் இந்நான்கில் இரண்டு. இவற்றை மனத்தில் மீண்டும் மீண்டும் நினைந்து பழக வேண்டும் என்பதனாலேயே பாவனை என்னும் பெயர் இவற்றுக்கு அமைந்தது.

தமிழில் இச்சொல்லுக்கு மற்றொரு பொருளும் உண்டு. குழந்தை கொட்டாங்கச்சியில் மண் வைத்துச் சோறு பரிமாறுவது போலப் பாவனை செய்கிறது என்கிறோம். இல்லாததை இருப்பதாகக் கொள்வதும் பாவனை. இருக்க வேண்டியதை உள்ளத்தில் வளர்ப்பதும் பாவனை. ஒரே சொல் இரண்டுக்கும் வழங்குவதைத் தற்செயல் என்று ஒதுக்க நமக்கு மனம் வரவில்லை. முதல் பொருளிலிருந்து இரண்டாம் பொருளுக்குக் குழந்தையை அழைத்துச் செல்ல முடியுமா? கருணை உள்ளவன் போல நடித்த பிள்ளை கருணை உள்ளவன் ஆவானா? நம்முன் உள்ள கேள்வி இதுதான்.

மாக்கோழி எழுப்பும் ஐயம்

நாடகத்தை ஐயுறுவோர் முதலில் காட்டுவது நம் யசோதர காவியத்தையே. ஐஞ்சிறுகாப்பியங்களுள் ஒன்றான அந்நூலின் கதையை அன்பர்கள் அறிவர். தீக்கனவின் பயனை விலக்கத் தேவிக்கு உயிர்ப்பலி இட வேண்டும் என்று தாய் சந்திரமதி வற்புறுத்துகிறாள். உயிரைக் கொல்ல மன்னன் யசோதரன் உடன்படவில்லை. முடிவில் மாவினால் ஒரு கோழி செய்து அதனை வெட்டுகிறான். அங்கே ஓர் உயிரும் சாகவில்லை. ஒரு துளிக் குருதியும் சிந்தவில்லை. ஆயினும் தாயும் மகனும் விலங்காகவும் பறவையாகவும் பல பிறவிகள் பிறந்து வருந்துகின்றனர். கையால் செய்யும் கொலையைப் போலவே கருத்தால் செய்யும் கொலையும் வினையைச் சேர்க்கும் என்பது அக்கதையின் முடிபு.

மாக்கோழியை வெட்டியதே வினை ஆயிற்று என்றால், மேடையில் அட்டைக் கத்தியால் மானைக் குத்தும் சிறுவனுக்கு என்ன ஆகும்? "எங்கள் பிள்ளைக்கு வேடன் வேடம் வேண்டாம், அறவோர் வேடமே கொடுங்கள்" என்று நம்மிடம் வந்து கேட்ட பெற்றோர் உண்டு. அவர்கள் அஞ்சியதில் பொருள் இருந்தது. அதனை மூடநம்பிக்கை என்று நாம் கொள்ளவில்லை.

விடை சங்கற்பத்தில் இருக்கிறது. யசோதரன் மாக்கோழியை வெட்டியபோது, பலியால் பயன் உண்டாகுக என்றே எண்ணினான். உயிருள்ள கோழிக்கு ஈடாகவே அது பீடத்தில் வைக்கப்பட்டது. கொலையின் பயனை விரும்பிக் கொலையின் கறையை மட்டும் தவிர்க்க முயன்றான். மேடைச் சிறுவனிடம் அவ்வெண்ணம் இல்லை. அம்பு பட்ட மான் எப்படித் துடிக்கும் என்பதைக் காண்போர் உணர வேண்டும் என்பதே அவன் செயலின் நோக்கம். புறத்தோற்றத்தில் இரண்டும் ஒன்று போல இருப்பினும், ஒன்று கொலையின் பக்கம் நிற்கிறது. மற்றது மானின் பக்கம் நிற்கிறது.

ஆயினும் ஐயம் இத்துடன் முற்றும் நீங்கிவிடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். சிறுவனின் எண்ணம் நிலையாக ஓரிடத்தில் நிற்பதன்று. குத்தும்போது அவை கைதட்டி ஆர்ப்பரித்தால், மானை மறந்து கைதட்டலை விரும்பத் தொடங்குவான். அக்கணமே அவன் சங்கற்பம் இடம் மாறுகிறது. ஆகவே வேடன் வேடத்தை விலக்க வேண்டியதில்லை. அவ்வேடத்துக்குக் கைதட்டல் விழும்படி காட்சியை அமைப்பதைத்தான் விலக்க வேண்டும்.

அதே காவியம் வேறோர் உண்மையையும் தன்னுள் வைத்திருக்கிறது. அபயருசியும் அபயமதியும் பலியிடப்படுவதற்காக மன்னன் மாரிதத்தன்முன் கொண்டுவரப்படுகின்றனர். இருவரும் இளம் பருவத்தினர். அவர்கள் கையில் படையில்லை. தாம் பல பிறவிகளில் பட்ட துன்பக் கதையை எடுத்துரைக்கின்றனர். கேட்ட மன்னன் உள்ளம் மாறிப் பலியைக் கைவிடுகிறான். இளையோர் இருவர் சொன்ன ஒரு கதை வாளைத் தடுத்தது. பாவனையின் கேட்டைக் கூறும் காவியமே கதையின் ஆற்றலையும் கூறுகிறது. அன்பர்கள் முன்னதை மட்டும் நினைவில் வைத்துப் பின்னதை மறந்துவிடலாகாது.

நடிப்பு மாயை ஆகாதா?

இரண்டாவது ஐயம் இது. கோபம், மானம், மாயை, லோபம் என்னும் நான்கு கஷாயங்களுள் மாயை வஞ்சகத்தைக் குறிக்கும். உள்ளொன்று வைத்துப் புறமொன்று காட்டுவதே நடிப்பு என்றால், பிள்ளைகளுக்கு வஞ்சகத்தையன்றோ பயிற்றுகிறோம் என்பர் சிலர்.

வஞ்சகன் தான் நடிப்பதை மறைக்கிறான். நாடகத்திலோ திரை விலகும்போதே, இது நடிப்பு என்று இரு சாராரும் அறிந்து உடன்படுகின்றனர். எவரும் ஏமாற்றப்படவில்லை. இன்னும் சொல்லப்போனால், வெளியில் நடிப்பவர்களை அடையாளம் காணும் அறிவை நாடகம் பழகிய பிள்ளை விரைவில் பெறுகிறது.

வடநாட்டுத் திகம்பரச் சமணரிடையே பிரமகுலாலர் கதை ஒன்று வழங்குகிறது. வேடம் புனைவதில் வல்லவரான அவரைச் சிங்கமாக வரும்படி பணித்தனர். வந்தவரை அரசகுமாரன் இழித்துப் பேசித் தூண்ட, சினம் மூண்டு அவர் பாய்ந்ததில் இளவரசன் உயிரிழந்தான். பின்னர் அவரைத் திகம்பர முனிவராக வரச் சொன்னார்கள். அவர் உண்மையாகவே துறவு பூண்டு வந்து, மகனை இழந்த மன்னனுக்கு அறம் உரைத்தார். வேடத்தைக் களைந்து பரிசு பெறுமாறு கூறியபோது, இது களையும் வேடம் அன்று என்று சொல்லி வனம் புகுந்தார் என்பது கதை.

பாவனை பண்பாகும் என்பதற்கு இதனினும் பொருத்தமான சான்று தேட வேண்டியதில்லை. ஆனால் அது இருபுறமும் கூர் உள்ள வாள் என்பதற்கும் இக்கதையே சான்று. சிங்க வேடம் தானாகக் கொல்லவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். அதனைத் தூண்டிய சொல் அவையிலிருந்து வந்தது. பிள்ளைகளின் நாடகத்திலும் கெடுதி பெரும்பாலும் வேடத்திலிருந்து பிறப்பதில்லை. சுற்றி நின்று ஏளனம் செய்வோரிடமிருந்தே பிறக்கிறது.

நாய் வேடம் யாருக்கு?

சீவக சிந்தாமணியில் வரும் ஒரு நிகழ்ச்சி பள்ளி நாடகத்துக்கு மிகப் பொருத்தமானது. உணவைத் தீண்டியது என்பதற்காக ஒரு நாயை அடித்துக் குற்றுயிராக்குகின்றனர். சீவகன் அதனைக் காக்க முயல்கிறான். உயிர் பிழைக்காது என்றறிந்து அதன் செவியில் பஞ்ச நமஸ்கார மந்திரத்தை ஓதுகிறான். நாய் இறந்து சுதஞ்சணன் என்னும் தேவனாகி, சீவகனுக்கு ஆருயிர்த் தோழனாகிறது. கட்டியங்காரனால் சீவகன் உயிருக்கு இடையூறு நேர்ந்தபோது அத்தோழனே வந்து காக்கிறான். கருணையில் தொடங்கி நட்பில் முடியும் கதை இது. கைம்மாறு கருதாமல் செய்த அருள், கேளாமலே நட்பாகத் திரும்பி வருகிறது.

இதனை நாம் பலமுறை மாணவரைக் கொண்டு நடிக்கச் செய்திருக்கிறோம். ஒவ்வொரு முறையும் ஒன்றே நிகழும். சீவகனாக நடிக்கப் பத்துப் பேர் கை தூக்குவர். நாயாக நடிக்க ஒருவரும் முன்வரார். ஒருமுறை ஆறாம் வகுப்பில் வாய் திறந்து அதிகம் பேசாத ஒரு சிறுவன் நாய் வேடத்தை ஏற்றுக்கொண்டான். ஒத்திகை முடிந்து எல்லாரும் வட்டமாக அமர்ந்தபோது, ஒவ்வொருவருக்கும் என்ன தோன்றியது என்று கேட்டோம். சீவகனாக நடித்தவன், தன் வசனத்தை மறக்காமல் சொன்னதைப் பெருமையுடன் கூறினான். நாயாக நடித்தவன் சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அடித்தவர்கள்மேல்கூடக் கோபம் வரவில்லை, டீச்சர். சும்மா நின்று பார்த்தவர்கள்மேல்தான் வந்தது" என்றான்.

அவ்வகுப்பில் அதுவரை எவரும் நின்று பார்த்தவர்களைப் பற்றி நினைக்கவில்லை. கூட்டமாக நிற்பது ஒரு வேடம் என்றே அவர்கள் கருதவில்லை. மறுநாள் ஒத்திகையில் கூட்டத்தில் நின்ற ஒரு சிறுமி, எழுதிக் கொடுத்த வசனத்தில் இல்லாதபடி, "போதும், விடுங்கள்" என்றாள். அச்சொல்லை நாம் நீக்கவில்லை. நாடகத்தில் அப்படியே வைத்துக்கொண்டோம்.

இதனால் அவ்வகுப்புப் பிள்ளைகள் அனைவரும் அருளாளர் ஆகிவிட்டனர் என்று நாம் எழுதினால் அது பொய்யுரை ஆகும். சீவகனாக நன்கு நடித்த மாணவன், தன் தண்ணீர்ப் புட்டியை அருகிலிருந்தவனுக்குக் கொடுக்க மறுத்ததை அதே வாரத்தில் கண்டோம். ஆனால் தனியே அமர்ந்து உண்ணும் வழக்கமுடைய நாய் வேடச் சிறுவனுக்குப் பக்கத்தில், கூட்டத்தில் நின்றவர்களுள் இருவர் வந்து அமர்ந்ததையும் கண்டோம். இதிலிருந்து நாம் அறிந்துகொண்டது ஒன்று. அருள் செய்வோனாக நடிப்பவன் குறைவாகக் கற்கிறான். அருள் வேண்டி நிற்பவனாக நடிப்பவன் மிகுதியாகக் கற்கிறான். ஆகையால் வேடங்களை மாற்றி மாற்றித் தருதல் வேண்டும். இன்று சீவகன் ஆனவன் நாளை நாயாக வேண்டும்.

பிறர் கண்ட வழிகள்

இக்கருத்து நமக்கு மட்டும் உரியதன்று. இங்கிலாந்தில் நியூகாசில் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய டாரதி ஹீத்கோட் அம்மையார் (1926–2011), பார்வையாளர் இல்லாத நாடகத்தையே வகுப்பறைக்கு உரியதாகக் கொண்டார். பிள்ளைகள் ஒரு சூழலுக்குள் புகுந்து வாழ்ந்து பார்க்க, ஆசிரியரும் ஒரு வேடம் ஏற்று உள்ளிருந்தே வினா எழுப்புவார். பிரேசில் நாட்டு அகஸ்தோ போவால் (1931–2009) மற்றொரு முறையைக் கண்டார். அநீதி நிகழும் காட்சியை ஒருமுறை நடித்துக் காட்டி, மீண்டும் நடிக்கும்போது காண்போரில் எவரும் "நிறுத்துங்கள்" என்று கூறி மேடையேறி, நிகழ்ச்சியின் போக்கை மாற்ற முயலலாம். நம் சிறுமி தானாகச் செய்ததை அவர் முறையாக வகுத்திருந்தார். நம் நாட்டில் 2005 ஆம் ஆண்டுத் தேசியக் கலைத்திட்ட வடிவமைப்பும் நாடகம் உள்ளிட்ட கலைகளைக் கல்வியின் உறுப்பாகச் சேர்க்க வேண்டும் என்றது.

நாடகம் பார்த்ததனால் வாழ்வு மாறியதற்கு அனைவரும் அறிந்த சான்று காந்தியடிகள். சிறு வயதில் அரிச்சந்திர நாடகத்தைக் கண்டதையும், அதனைத் தமக்குள் எண்ணற்ற முறை நடித்துப் பார்த்ததையும் அவர் தம் வாழ்க்கை வரலாற்றில் எழுதியிருக்கிறார். மேடையில் கண்டது சில நாழிகையே. உள்ளத்தில் பலகாலும் நடித்ததுதான் அவரிடம் நிலைத்தது. பாவனை என்பதன் இரு பொருளும் அங்கே ஒன்றாயின.

நம் புராணத்திலும் இதற்கு முற்பட்ட சான்று உண்டு. ஆதிபகவன் விருஷபதேவர் திருமுன் நீலாஞ்சனை என்னும் தேவமங்கை நடனமாடுகையில் அவளது ஆயுள் முடிந்தது. இந்திரன் அக்கணமே அவள் போன்ற மற்றொருத்தியைத் தோற்றுவித்து ஆடலைத் தொடரச் செய்தான். அவையினர் வேறுபாடு அறியாது களித்திருந்தனர். பகவான் மட்டும் அதனைக் கண்டு, நிலையாமையை உணர்ந்து துறவு மேற்கொண்டார். ஆடல் எல்லாருக்கும் ஒன்றே; கண்டவர் ஒருவரே. ஆகவே நடிக்கப் பழக்குவதோடு, காணவும் பழக்குதல் வேண்டும்.

1942 ஆம் ஆண்டு ஜூலை 18 ஆம் நாள் நிகழ்ந்த ஒன்றையும் சொல்லாமல் விட மனமில்லை. போலந்து நாட்டின் வார்சா நகரில் யூதர்கள் அடைத்து வைக்கப்பட்டிருந்த பகுதியில், மருத்துவரும் கல்வியாளருமான யானுஷ் கொர்ச்சாக் ஓர் அனாதை இல்லம் நடத்தி வந்தார். அங்கிருந்த குழந்தைகள் அன்று இரவீந்திரநாத தாகூரின் ‘தபால் நிலையம்’ நாடகத்தை நடித்தனர். நோயினால் அறையை விட்டு வெளியேற இயலாத அமல் என்னும் சிறுவன், சன்னலோரம் அமர்ந்து, தெருவில் போகும் தயிர்க்காரரையும் காவற்காரரையும் பூக்காரச் சிறுமியையும் தோழமை கொள்ளும் கதை அது. அந்நாடகம் நடந்து மூன்று வாரங்கள் கழியும் முன்னர், ஏறத்தாழ 200 குழந்தைகளும் திரெப்ளிங்கா கொலைமுகாமுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். தப்பிச் செல்ல வாய்ப்புகள் கிடைத்தும் அவற்றை மறுத்துக் கொர்ச்சாக்கும் பிற ஆசிரியர்களும் குழந்தைகளோடு சென்றனர். நாடகம் அக்குழந்தைகளின் உயிரைக் காக்கவில்லை; காக்கும் என்று எவரும் அதனை நடத்தவும் இல்லை. சூழ எங்கும் பகை நிறைந்த இடத்தில், மைத்திரி என்பது இன்னதென்று அவர்கள் ஒரு மாலைப் பொழுது வாழ்ந்து பார்த்தனர். அவர்தம் ஆசிரியரோ மேடை இல்லாமலே அதனை வாழ்ந்து காட்டினார்.

கடைப்பிடிக்க வேண்டியன

மகாவீர ஜயந்தியிலும் தசலக்ஷண பருவத்திலும் நம் ஊர்களில் பிள்ளைகளைக் கொண்டு நாடகம் நடத்தும் அன்பர்களுக்குச் சில சொல்ல விரும்புகிறோம்.

முதலாவது, கருணையைக் காட்ட ஓர் உயிரை வருத்தலாகாது. நேமிநாத சுவாமியின் வரலாற்றை நடிக்கையில், திருமண விருந்துக்காக அடைக்கப்பட்ட விலங்குகளுக்குப் பிள்ளைகளே முகமூடி அணிந்து நிற்கட்டும். ஒலிபெருக்கி முழக்கத்தின் நடுவே உண்மையான ஆட்டுக்குட்டியை மேடையேற்றுவது, எதனை எதிர்த்து நாடகம் நடக்கிறதோ அதனையே செய்வதாகும். கூண்டுக் கிளியை வாங்கி வந்து மேடையில் பறக்க விடுவதும் வேண்டா. நாம் விலை கொடுப்பதனாலேயே வேறொரு கிளி பிடிபடும். 1972 ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி கிளியைப் பிடிப்பதும் விற்பதும் குற்றமும் ஆகும்.

இரண்டாவது, வேடம் பங்கிடுவதில் கருணை வேண்டும். கறுத்த பிள்ளைக்கு அரக்கன், ஏழைப் பிள்ளைக்கு இரவலன், பருத்த பிள்ளைக்குக் கோமாளி என்று கொடுக்கும் பழக்கம் இன்றும் உண்டு. மேடையில் நிகழும் கொடுமை பொய், இக்கொடுமை மெய். ஒரு பிள்ளையின் வீட்டுத் துன்பத்தை அப்பிள்ளைக்கே வேடமாகத் தருவதும் தகாது.

மூன்றாவது, எந்தக் கூட்டத்தாரையும் கொடியவராகக் காட்டலாகாது. நாயை அடித்தவர்களை நாம் எப்போதும் ‘ஊரார்’ என்றே குறித்தோம். ஒரு குலத்தின் பெயரைச் சொல்லவில்லை. நாயிடம் இரக்கத்தையும் மனிதரிடம் வெறுப்பையும் ஒருங்கே விதைக்கும் நாடகம் அறத்தைக் கற்பிக்காது. அடித்தவன் ஏன் அடித்தான் என்று அவன் வாயாலேயே சொல்லச் செய்ய வேண்டும். அதனைக் கேட்கப் பழகுதலே மாத்தியஸ்த பாவனையின் முதற்படி.

நான்காவது, பரிசு குறித்தது. எந்தப் பிள்ளை சிறந்த சீவகன் என்று கோப்பை கொடுத்தால், காருண்யம் புகுந்த வாயிலிலேயே மானம் என்னும் கஷாயமும் புகும். பரிசு கொடுத்தே ஆக வேண்டுமெனில் அனைவருக்கும் ஒன்றையே கொடுக்கலாம்.

ஐந்தாவதே முதன்மையானது. திரை விழுந்த பின் அரைமணி நேரம் பிள்ளைகளோடு அமர்ந்து பேச வேண்டும். நீ யாராக இருந்தாய், உனக்கு என்ன நேர்ந்தது, வேறு என்ன செய்திருக்கலாம் என்று கேட்க வேண்டும். பொழுதுபோக்காக நிகழ்ந்த பாவனை அந்த அரைமணி நேரத்தில்தான் அறநூல் கூறும் பாவனையாக மாறுகிறது. நம் விழாக்களில் இதற்குத்தான் நேரம் கிடைப்பதில்லை. ஒப்பனையைக் கலைத்து உணவுக்கு விரைந்து விடுகிறோம்.

முடிவாக, பாவனை பண்பாகுமா என்னும் வினாவுக்கு நம் விடை இது: தானாக ஆகாது, பயின்றால் ஆகும். விதை முளைக்கும் என்பது உண்மையே. ஆயினும் விதைத்த மறுநாளே மண்ணைக் கிளறிப் பார்ப்பவனுக்குப் பயிர் விளையாது. நாடகத்துக்கு மறுநாளே பிள்ளைகளிடம் மாற்றத்தைத் தேடும் ஆசிரியரும் பெற்றோரும் இதனை நினைவில் கொள்ளல் வேண்டும்.

அப்பிள்ளைகள் நம்மையும் பார்த்துக்கொண்டே இருக்கின்றனர். வாயிற்படி நாயை நாம் எப்படி விரட்டுகிறோம், வேலை செய்ய வரும் அம்மாளுக்கு எந்தக் குவளையில் நீர் கொடுக்கிறோம் என்பதெல்லாம் அவர்கள் நாள்தோறும் காணும் நாடகம். அதற்கு ஒத்திகையும் இல்லை, திரையும் விழுவதில்லை.

வாழ்க எவ்வுயிரும்! வளர்க நல்லறம்!